பந்தலில் கலந்து நின்ற இரண்டு ரகம்

அன்று பந்தலுக்கடியில் நான் இருந்தேன். என் மகன் இருந்தான். என் கொழுந்தனார் இருந்தார். ஒயின் கம்பெனியில் இருந்து வந்த பெண் கையில் ஒரு தாளோடு இருந்தாள். என் வீட்டுக்காரர் இல்லை. முந்தின மாதம் மாரடைப்பில் போய்விட்டார்.

திராட்சை போட்டவர் அவர்தான். கம்பம் ஊரில் இருநூற்றைம்பது குச்சி வாங்கி நட்டார். பாதி பட்டுப்போனது. அந்தக் குழிகளில் வேறு நர்சரிக் குச்சியை வைத்தார். இரண்டும் கறுப்புப் பழம். எந்தக் கொடி எது என்று சொல்லாமல் போய்விட்டார்.

கம்பெனிக்குக் கம்பத்து ரகம் மட்டும் வேண்டும். கலந்து நின்றால் தோட்டமே வேண்டாம் என்றார்கள். அவர்கள் எடுக்காவிட்டால் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மக்காச்சோளம் போடுவேன் என்று மகன் சொல்லியிருந்தான். எனக்குத் தோட்டம் நிற்க வேண்டும். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

கொடிக்கு ஒரு பை, பைக்கு ஒரு நம்பர். பழம் பறித்து, சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் பெட்டியை ஏற்றி விட்டிருந்தோம். லேபில் புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு, சாயம் எல்லாம் அளந்து கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டார்களாம். தாளில் ஒரு கொடிக்கு ஒரு புள்ளி. ஒரே ரகம் என்றால் புள்ளிகள் பக்கத்தில் பக்கத்தில் விழும். இரண்டு ரகம் என்றால் இரண்டு குவியல் விழ வேண்டும்; எங்கள் புள்ளிகள் மொத்தமும் பிரியாமல் சிதறிக் கிடந்தன.

"ஒரு பையில ஒரு கொடிப் பழம்தானே போட்டீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"சிலதுல காய்ப்பே இல்ல. வெறும் பையாவா அனுப்ப? பக்கத்துக் கொடியில நல்ல குலையாப் பறிச்சு நிரப்பினோம்," என்றார் கொழுந்தனார்.

"அண்ணாச்சி!" என்றாள் அந்தப் பெண்.

"பொண்ணு பாக்க வரும்போது பக்கத்து வீட்டு நகைய வாங்கிப் போட்டு விடுதது இல்லையா?"

"கல்யாணம் முடிஞ்சா திருப்பிக் கேப்பாவல்லா, சித்தப்பா," என்றான் மகன். அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

மறுபடி நானே பறித்தேன். ஒரு கொத்துதான் இருந்தால் ஒரு கொத்து.

அடுத்த வாரம் புதுத் தாளோடு வந்தாள். இரண்டு குவியல் பிரிந்திருந்தது. ஒன்று கம்பத்து ரகம்; மற்றதை வெட்ட வேண்டும். நடுவில் ஒன்பது புள்ளி தனியாகக் கிடந்தது.

"இந்த ஒன்பதும் எதுலயும் சேரல. கணக்கு சொல்ல மாட்டேங்குது. நீங்கதாம்மா முடிவு பண்ணணும்."

"வச்சிருங்க மைனி," என்றார் கொழுந்தனார். "அண்ணன் கையால வச்சது. எவன் கண்டுபிடிக்கப் போறான்?"

"அடுத்த காய்ப்புக்கும் அளப்பாவல்லா," என்றேன்.

மகன் அரிவாளோடு நின்றான். "எம்மா, என்ன செய்ய?"

"அதையும் வெட்டு."

நான் நம்பர் சொன்னேன். அவன் அடியில் வெட்டினான். மேலே பந்தலில் இலை பச்சையாகவே இருந்தது. எது செத்தது என்று அன்றைக்குத் தெரியவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சோறு பொங்கினேன்.

ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க வந்த அன்று அந்தப் பெண் வரிசை வரிசையாக நடந்து, நிற்கிற கொடியை எண்ணினாள்.

நூற்றுப் பதினெட்டு.