சத்தியத்தில் பாட்டு சேராது

தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டுக்கும் குற்றாலத்துக்கும் நடுவே பதினாலு வருஷமாக ஒரே மினிபஸ்ஸை ஓட்டுகிறவர் இசக்கியப்பன். ஐம்பத்தேழு வயது, மேலகரத்தில் வீடு. அந்த வண்டியில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் பாட்டுக்காக ஏறுகிறவர்கள். அவருக்கென்று ஒரு கணக்கு உண்டு. ஸ்டாண்டை விட்டு வெளியே வரும்வரை மேளதாளம். மேலகரம் தாண்டி வயல்காற்று அடிக்கத் தொடங்கியதும் வயலின் வைத்த மெதுவான பாட்டு. முன் கண்ணாடியில் சாரல் முதல் பொட்டு வைத்ததும் புல்லாங்குழல். வைப்பரைப் போடுவதற்கு முன்னால் பாட்டை மாற்றிவிடுவார்! வேறு எந்த டிரைவர் இப்படிச் செய்வான்?

பாட்டெல்லாம் ஒரு பென் டிரைவில் இருந்தது. அது போன வருஷம் ஐப்பசி மழையில் நனைந்து செத்துப்போனது. கண்டக்டர் சாம்தான் அவருடைய போனில் பாட்டு ஆப்பை ஏற்றி, எல்லாப் பாட்டையும் தேடிப் பிடித்து ஒரே பட்டியலாகப் போட்டுக் கொடுத்தான்.

"அண்ணாச்சி, இத பப்ளிக்னு போடட்டா? யாரு வேணும்னாலும் கேக்கலாம்."

"ஊரே கேட்டா நெட் காசு எனக்கு வருமாலே?"

"அவனவன் கேக்கதுக்கு அவனவன் காசு. நீங்க வண்டிய எடுங்க."

'மேலகரம் மினிபஸ்' என்று பெயர் வைத்தான். அந்தப் பட்டியலைத் தொடர்கிறவர்கள் முதல் வாரத்தில் இரண்டு பேர்: சாம், சாமின் மனைவி. இரண்டாவது வாரம் மூன்றாவதாக ஒரு பேர் வந்தது. குற்றாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கும்போதுதான் இசக்கியப்பன் அதைப் பார்த்தார். ஆனந்தவள்ளி இ.

அவருடைய மகள். கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்தும் அந்த 'இ' போகவில்லை. திரும்பி வரும்போது மேலகரத்தில் நிறுத்தாமலே போய்விட்டார். "எண்ணே! எண்ணே! நாங்க இறங்கணும்!" என்று பின்னால் எல்லோரும் கத்தினார்கள்.

மகளோடு அவர் பேசக்கூடாது. அது பேச்சுக்குச் சொன்ன வார்த்தை இல்லை, சத்தியம்.

ஆனந்தவள்ளி, வீட்டில் ஆனந்தி, ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். அங்கே கூட வேலை பார்த்த ஜோஷ்வாவைக் கட்டிக்கொண்டாள். வீட்டில் அம்மா உலகம்மை மூன்று நாள் அழுதாள், நாலாம் நாள் அடுப்பைப் பற்ற வைத்தாள். ஆனால் அண்ணன் சுபாஷ், போலீஸில் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது, அப்பாவைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு நேராகக் கீழப்பாவூர்ப் பக்கம் இருக்கும் குலசாமி சுடலைமாடன் கோயிலுக்குப் போனான். பீடத்தின் முன்னால் கற்பூரத்தைக் கொளுத்தினான்.

"எப்பா, இத அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க. இல்லன்னா நான் இனி நம்ம வீட்டுப் படி ஏற மாட்டேன்."

அவன் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஒரு பிள்ளை போய்விட்டது, இன்னொன்றும் போய்விடுமோ என்று இசக்கியப்பன் பயந்தார். அவன் சொல்லச் சொல்ல இவரும் சொன்னார். ஆனந்தியோடு வாயால் பேசமாட்டேன். எழுத்தால் பேசமாட்டேன். ஆள் விட்டும் பேசமாட்டேன். மீறினால் என் வம்சம் தழைக்காது. சொல்லிவிட்டு எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். சுபாஷுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. வம்சம் என்ற வார்த்தைக்குள் யார் இருக்கிறார்கள் என்று அன்றைக்கு இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

அதனால்தான் மூன்றாவது பேரைப் பார்த்ததும் அவருக்கு நிறுத்தம்கூட மறந்துபோனது. சாமிடம்தான் கேட்டார்.

"பாட்டுப் போடுதது பேச்சுல சேருமாலே?"

சாம் விரலிடுக்கில் மடித்து வைத்திருந்த பத்து ரூபாய்த் தாள்களைச் சரிசெய்துகொண்டே ஒரு வக்கீலைப்போல யோசித்தான். "எழுதுனது ஒருத்தர். பாடுனது ஒருத்தர். மியூசிக் இன்னொருத்தர். இதுல நீங்க எங்கன பேசுதிய? சத்தியத்துல பாட்டு சேராது அண்ணாச்சி."

அவ்வளவுதான். அன்றைக்கே ஆனந்தி சின்ன வயசில் திரும்பத் திரும்பக் கேட்ட ஒரு பாட்டைத் தேடிச் சேர்த்தார். மறுநாள் சாம் அவளுடைய பக்கத்தைத் திறந்து காட்டினான். அவளும் ஒரு பட்டியல் போட்டிருந்தாள். அதே பாட்டுதான் முதலில். பட்டியலின் தலைப்பு: 'ஓசூர்ல மழை. சுகமா இருக்கேன்.'

அவள் சத்தியம் பண்ணவில்லையே! அவள் எழுதலாம். பட்டியலுக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம். அப்படித்தான் சேதி வரத் தொடங்கியது. 'ரெண்டாவது மாடி, நல்ல காத்து.' 'இன்னைக்கு ஜோஷ்வா சமையல், உப்பு ஜாஸ்தி.' 'வாந்தியா வருது, சந்தோஷமாவும் இருக்கு.' கடைசியாகச் சொன்னதை இசக்கியப்பன் நாலு முறை வாசித்தார். வாசித்துவிட்டு டீக்கடைக்காரரிடம் வடைக்கும் டீக்கும் காசு கொடுத்துவிட்டு, மீண்டும் ஒருமுறை கொடுக்கப் போனார்.

அவர் தன் பட்டியலின் பெயரை ஒருநாளும் மாற்றவில்லை. ஓர் எழுத்துக்கூட. பாட்டு மட்டும்தான். அவளுக்குத் தலைசுற்றல் என்று தெரிந்தால் மெதுவான பாட்டு. கோபம் என்றால் கோமாளித்தனமான பாட்டு. 'அஞ்சு மாசம், புளிச்ச மாங்காயா தின்னுதேன்' என்று வந்தபோது ஒரு நாட்டுப்புறப் பாட்டைப் போட்டார், அதைக் கேட்டு மினிபஸ்ஸே சிரித்தது. ஏழாம் மாதம் வளைகாப்பு. இவர்கள் யாரும் போகவில்லை. போக முடியாது. வளையல் குலுங்குகிற சத்தம் வருகிற பாட்டாகத் தேடித் தேடி மூன்று நாள் கேட்டு, ஒன்றைக் கண்டுபிடித்துச் சேர்த்தார். அதற்குப் பின்னால் ஒரு தாலாட்டு.

மறுநாள் அவளுடைய புதுத் தலைப்பு: 'அப்பா போட்ட தாலாட்டுக்குத்தான் உதைக்குது.'

வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தார். பின்னால் வந்து நின்ற மினிபஸ்காரன் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தான். சாம் இறங்கிப் போய், "ஏலே, எங்க அண்ணாச்சி தாத்தா ஆகப் போறாரு, ரெண்டு நிமிசம் பொறுலே" என்றான்.

இந்த ஆனி மாதம் சீசன் நன்றாகக் களைகட்டியது. சென்னையிலிருந்து வந்த நாலு பெண்பிள்ளைகள், சாரல் விழுந்ததும் டிரைவர் பாட்டை மாற்றுவதைப் பார்த்து வாய் பிளந்தார்கள். வீடியோ எடுத்துப் போட்டார்கள். பட்டியலின் பெயரையும் சேர்த்தே போட்டார்கள். ஒரே வாரத்தில் தொடர்கிறவர்கள் ஒன்பது பேரிலிருந்து பதினோராயிரம்! குளிக்க வந்தவர்கள் எல்லாம், "பாட்டு பஸ் எப்போ வரும்?" என்று நிறுத்தத்தில் நின்று கேட்டார்கள். இசக்கியப்பனுக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பப்ளிக் என்றால் சுபாஷும் பார்க்கலாம் என்பது மட்டும் அவருக்கு ஏனோ தோன்றவே இல்லை. கதவைப் பூட்டாவிட்டாலும் தெரிந்தவர்கள்தானே வருவார்கள் என்று மேலகரத்தில் இருக்கிறதுபோல அங்கேயும் இருந்துவிட்டார்.

சுபாஷுக்கு மெயின் அருவியில் சீசன் டியூட்டி. கூட இருந்த போலீஸ்காரர் ஒருவர், "உங்க அப்பா பெரிய ஆள் ஆயிட்டாருய்யா" என்று போனைக் காட்டினார். தொடர்கிறவர்கள் வரிசையில் மேலே இருந்து மூன்றாவது பேர். சுபாஷ் தன் போனில் அந்தப் பட்டியலைத் திறந்து அதைத் தொட்டான். தாலாட்டு, உதை, அப்பா எல்லாம் அங்கே இருந்தது.

அன்று பகல் மூன்று மணிக்கு, குற்றாலம் நிறுத்தத்தில், நனைந்த யூனிபார்மோடு வண்டிக்குள் ஏறினான்.

"எப்பா. மாடன் முன்னால என்ன சொன்னிய?"

"நான் பேசல சுபாசு. எழுதவும் இல்ல. பாட்டுதான்..."

"பாட்டா? சாமிகிட்டயே ஓட்டை தேடுதியளோ?" குரல் உயர்ந்தது. பிறகு சட்டென்று இறங்கிவிட்டது. அடுத்ததை அவன் திட்டாகச் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னான். "அவ மாசமா இருக்காப்பா. வம்சம்னு சொன்னியளே. இப்ப நம்ம வம்சம்னு இருக்கது அந்தப் பிள்ள ஒண்ணுதான். அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

இசக்கியப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த உள்ளங்கையைத் தன்னையறியாமல் திருப்பிப் பார்த்தார்.

சாம் குறுக்கே வந்தான். "சார், சத்தியத்த எடுக்க வழி இல்லியா?"

"கோயில் கொடைல சாமியாடி வாயால உத்தரவு வரணும். கொடை மூணு வருசத்துக்கு ஒருக்கா. போன சித்திரைலதான் குடுத்திருக்கு." சுபாஷ் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான். "அவளுக்கு ஆவணில பிரசவத் தேதின்னு அதுல போட்டிருக்கா."

அவன் இறங்கிப் போனான். அவன் ஆனந்தியின் பட்டியலைத் துருவிப் பார்த்தபோது, ஈர விரல் எங்கேயோ பட்டு 'தொடர்க' அமுங்கியிருந்தது. அது அவனுக்கே தெரியாது. ஓசூரில் ஆனந்தியின் போனில் மட்டும் தெரிந்தது: சுபாஷ் உங்கள் பட்டியலைத் தொடர்கிறார்.

மறுநாள் காலை முதல் டிரிப்புக்கு முன்னால் அவள் பக்கத்தில் ஒரே ஒரு பட்டியல்தான் இருந்தது. உள்ளே பாட்டு எதுவும் இல்லை. தலைப்பு மட்டும்.

'அப்பா, நீங்களே அண்ணன்கிட்ட காட்டிக் குடுத்துட்டீங்களா?'

மத்தியானம் பார்க்கும்போது அதுவும் இல்லை. மூன்றாவது இடத்தில் அவள் பேரும் இல்லை.

"கணக்க மூடிட்டாளா?" என்று கேட்டார்.

"மூடிருக்கலாம். இல்ல, பேர மாத்திக்கிட்டு இதுக்குள்ளயே இருந்தாலும் இருக்கலாம் அண்ணாச்சி. பதினோராயிரம் பேரு. எப்படிக் கண்டுபிடிக்க?"

நான் இல்லம்மா. இவ்வளவுதான் சொல்ல வேண்டும், இரண்டே வார்த்தை! இசக்கியப்பன் தன் பட்டியலின் பெயரை மாற்றுகிற இடத்துக்குப் போனார். 'நான் இல்ல' வரை அடித்தார். எழுத்தால் பேசமாட்டேன். இதுவரை அந்தச் சத்தியத்தை அவர் மகனுக்காகக் காப்பாற்றினார். இப்போது அந்தப் பிள்ளைக்காக. பிறக்காத பிள்ளையை வைத்து எப்படிப் பந்தயம் கட்டுவது? ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். கடைசி எழுத்து போனதும் பழைய பெயரே வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்படியானால் பாட்டாலேயே சொல்லவேண்டும். தேடத் தொடங்கினார். காலை ஆறு மணிக்கு ஸ்டாண்டில், டிரிப்புக்கு நடுவே, சோறு சாப்பிடும்போது ஒரு காதில் இயர்போன். காதலி சந்தேகப்பட்டால் பாட இருநூறு பாட்டு இருந்தது. நண்பன் துரோகம் செய்தால் பாட இருந்தது. அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க இருந்தது. கடவுளிடம் முறையிட எக்கச்சக்கமாக இருந்தது. ஓர் அப்பா மகளிடம், நான் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று சொல்கிற பாட்டு மட்டும் எங்கேயும் இல்லை. இத்தனை வருஷம் எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள், இதை ஒருத்தரும் எழுதவில்லையே என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. கிட்டத்தில் வருகிற மாதிரி எது கிடைத்தாலும் சேர்த்தார். ஒரு சோகப் பாட்டு, ஒரு பக்திப் பாட்டு, மறுபடி அந்தத் தாலாட்டு.

"என்ன அண்ணாச்சி, குளிக்கப் போற பஸ்ல எழவு வீட்டுப் பாட்டா?" என்றார் ஒருவர்.

"பஸ்ஸ நிறுத்தும், நான் நடந்தே போறேன்" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆவணி பிறந்தது. சாம் அவரிடம் சொல்லாமலே ஆனந்தியின் பழைய நம்பருக்கு அடித்துப் பார்த்தான். அவரைச் சத்தியத்தில் மாட்டிவிடக் கூடாது என்று தன் போனிலிருந்து, தன் காசில். நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. ஓசூரில் எந்தத் தெரு, எந்த இரண்டாவது மாடி, யாருக்கும் தெரியாது. சுபாஷுக்கும் தெரியாது. ஒருநாள் நிறுத்தத்துக்கு வந்து, ஜன்னல் வழியே, "ஏதாவது வந்துதா?" என்று கேட்டான். அவர் இல்லை என்று தலையாட்டினார். அவன் டயரை ஷூவால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

ஆவணி இருபத்திரண்டாம் தேதி. மேலகரத்தில் உலகம்மை ஏறினாள். அவள் புருஷனின் வண்டியில் ஏறுகிறவள் இல்லை. பாட்டுச் சத்தம் ஆகாது என்பாள். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். குற்றாலத்தில் எல்லோரும் இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை.

"சாம் எல்லாம் சொன்னான்" என்றாள்.

அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"தேதி தாண்டிட்டுல்லா?"

"ம்."

"பெத்திருப்பா."

"பெத்திருப்பா."

"சொகப்பிரசவம்தான?"

"தெரியலட்டி."

"பையனா, பொண்ணா இருக்கும்?"

அவர் போனை அவள் கையில் கொடுத்தார். அவள் கண்ணுக்குக் கிட்டே வைத்து, பெயர்களைக் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். தெரியாத பெயர்கள், பூப்படம், பைக் படம், நாய்க்குட்டி படம். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது.

"இதுல நம்ம பிள்ள இருக்காளா?"

"இருந்தாலும் இருப்பா."

"அப்ப ஒரு பாட்டுப் போடுங்க" என்றாள் உலகம்மை. "நானும் இருக்கேன்னு தெரியுத மாதிரி."

நேரம் ஆகிவிட்டது என்று டைம் கீப்பர் விசிலடித்தார். திரும்பிப் போகிற கூட்டம் ஈரத் தலையோடு ஏறத் தொடங்கியது. இசக்கியப்பன் போனை வாங்கி, எந்தப் பாட்டு, எந்தப் பாட்டு என்று மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தார். பதினோராயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு என்று காட்டியது. காலையில் முந்நூற்றுப் பதின்மூன்றாக இருந்தது. யாரோ ஒருவர் விட்டுப் போயிருக்கிறார்கள். அது ஆனந்தியா, வேறு யாராவதா என்று பார்க்க முடியாது. விசில் மறுபடி வந்தது. பாட்டு இன்னும் அகப்படாமலே அவர் வண்டியைக் கிளப்பினார்.