யாரும் வாங்காத டம்ளர்

செவ்வாய்க்கிழமை காலை வார்டில் மாணவர்களோடு நின்றிருந்தேன். வெண்ணந்தூரிலிருந்து பாவாயி அக்காவின் மருமகள் சுமதி போன் செய்தாள். "அத்தை போயிட்டாங்க மேடம். மாமா யாரு குடுத்தாலும் ஒரு வாய் தண்ணி வாங்க மாட்டீங்கறாரு."

என்னிடம் படித்த உங்களில் பலருக்கு அக்காவை என் ஆய்வேட்டின் ஏழாம் நோயாளியாகத்தான் தெரியும். தறி நெய்தவர். பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோய் எங்கள் கல்லூரிக்கு வந்தார். அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியில் நான் அப்போது கடைசி வருட மாணவி. இடது கையைப் பழக்கினால் வீட்டு வேலை கைக்கு வருமா என்பதே என் ஆய்வு. எட்டே வாரத்தில் அக்கா இடது கையால் டம்ளரைத் தூக்கினார், கரண்டியால் அள்ளினார். எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் போட்டேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டில் எடுக்கவேண்டிய வீடியோ மட்டும் பாக்கி. மறுநாள் ஒப்படைக்க வேண்டும். போய்ப் பார்த்தால் அக்கா மூலையில் உட்கார்ந்திருக்கிறார், சாப்பிட உட்கார்ந்த அவர் கணவருக்குப் பரிமாறுவது சுமதி. மோரை மாமாவுக்கு எடுத்துக் கொடுங்கள் என்றேன். அக்கா அசையவில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆஸ்பத்திரியில் நூறு தடவை செய்ததை இங்கே செய்ய என்ன கேடு என்று அவர் வீட்டிலேயே நின்று கத்தினேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

"அங்க மேஜைக்கு எடுத்து வெச்சனுங்க சாமி. இங்க மனுசனுக்கில்ல குடுக்கோணும். பீச்சாங்கையில எப்படிங்க குடுக்கறது?"

எட்டு வாரத்தில் இதை நான் அவரிடம் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. ஆனாலும் விடவில்லை. படத்துக்காக ஒரே தடவை என்று கெஞ்சினேன்.

"உங்க படிப்புக்காக ஒருக்கா குடுக்கறனுங்க. தெனமும் இப்படித்தான்னு எழுதிப்போடாதீங்க."

டம்ளரை நீட்டினார். ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டும் சிந்தாத கை அது. மாமா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மோர் சிந்தியது. நான் வீடியோவை நிறுத்திவிட்டு, அந்த டம்ளரை வாங்கிக் குடித்தேன்.

'வீட்டில் பயன்பாடு: இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். என் வழிகாட்டி முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்படியானால் என்னதான் சாதித்தாய் என்று தேர்வாளர் கேட்டார். தட்டுத்தடுமாறித்தான் தேறினேன்.

அதன்பின் மாதம் ஒருமுறை வெண்ணந்தூர் போனேன். இந்தத் தடவை பயிற்சி மாமாவுக்கு. மனுஷர் லேசில் மசியவில்லை. நாலாம் மாதம் ஒரு நாள் பசியிலோ எரிச்சலிலோ, "எந்தக் கையா இருந்தா என்ன, சோறு சூடா இருந்தாச் சரி" என்று தட்டை நீட்டினார். அக்கா அன்று இரண்டு தடவை சோறு போட்டார், அவர் போதும் என்ற பிறகும்.

செவ்வாய்க்கிழமை நான் போனபோது மாமா அதே சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். டம்ளரை இடது கையில் எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். என் கையைப் பார்த்தார். பிறகு வாங்கிக் குடித்தார்.

அக்கா எனக்கு விட்டுப்போனது ஒரு கேள்விதான். முழு மதிப்பெண் போட்ட தாளோடு வரும் ஒவ்வொரு மாணவரிடமும் அதைக் கேட்கிறேன்: மேஜைக்கா, மனுசனுக்கா?