கெடுத்துக் கொடுக்க ஓர் ஆள்

பூபாலன் பரீட்சைக்குப் படித்தானா என்று கேட்காதீர்கள்; படிப்பதற்குத் திட்டம் போட்டான். பத்தொன்பது நாள் உட்கார்ந்து போட்டான். ஆவடி குவார்ட்டர்ஸில் அவர்கள் வீட்டு பீரோக் கதவை மறைத்துக்கொண்டு அந்தத் திட்டத்தை எழுதிய அட்டை தொங்கியது. ரூட்டிங் பாடத்துக்குப் பச்சை, ஸ்விட்சிங் பாடத்துக்கு நீலம், வியாழக்கிழமை மாமியாரிடமிருந்து வரும் போனுக்கு இருபது நிமிடம் மஞ்சள். அவன் மனைவி சுதா ஒரு புடவை எடுக்க வேண்டுமென்றால் நூற்றுப் பன்னிரண்டு நாட்களையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

நெட்வொர்க்கிங்கில் அது பெரிய பரீட்சை. நாலு விடையில் ஒன்றைத் தொடு என்கிற கதையெல்லாம் இல்லை. பெங்களூரில் எட்டு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, வேண்டுமென்றே கெடுத்து வைத்த நெட்வொர்க்கைக் கொடுத்துச் சரிசெய் என்பார்கள். பூபாலன் ஏற்கனவே இரண்டு முறை போய், தொங்கிய முகத்தோடு திரும்பியவன்.

இந்த முறை விளையாட்டில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் அவன் வேலை பார்க்கும் கம்பெனியில் தலைமை இன்ஜினியர் நாற்காலி காலி. இந்தப் பரீட்சையில் பாஸாகிச் சான்றிதழோடு வந்தால் அவனுக்கு, இல்லையென்றால் கோகுல்நாத்துக்கு. கேபிள் நுனியை நறுக்கக்கூடப் பூபாலனிடம் கற்றுக்கொண்ட கோகுல்நாத், இப்போது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்து உயரம் சரிபார்க்கிறான். கேட்டால், "சும்மா தான் அண்ணாத்தே, காத்து வருதான்னு பாத்தேன்" என்கிறான். அவனிடம் போய் லீவு கேட்டு நிற்பதை நினைத்தாலே பூபாலனுக்கு வயிறு எரிந்தது.

திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை. பயிற்சிக்காகக் கூடத்தில் ஆறு பழைய ரவுட்டர் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தான். தானே கெடுத்ததைத் தானே கண்டுபிடிப்பதில் என்ன பயிற்சி? கெடுத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும்.

சுதாவுக்கு ராணுவ வண்டித் தொழிற்சாலையில் பரிசோதகர் வேலை. குவார்ட்டர்ஸே அவள் பேரில்தான். பதினாறு வருடமாகப் பழுது கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவளிடம் போய், "டெய்லி காலைல எதனா ஒரு பெட்டில ஒரு நம்பர மாத்து, இல்ல ஒரு லைன அழிச்சிடு. எங்கன்னு மட்டும் சொல்லாத" என்றான்.

"கெடுக்கறதுக்கா? நானா?" என்றாள். அவள் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தைக் கல்யாணத்தன்றுகூட பூபாலன் பார்த்ததில்லை.

ஷிப்டுக்குக் கிளம்புமுன் காபியை ஆறவிட்டுவிட்டு லேப்டாப்பின் முன் உட்கார்ந்து கெடுத்தாள். அவனும் கண்டுபிடித்தான். முதல் வாரம் இரண்டு மணி நேரம், அப்புறம் அரை மணி, அப்புறம் நாலே நிமிடம்! அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒருநாள் சாயங்காலம் வாய் சும்மா இல்லாமல் பீற்றிக்கொண்டான்.

"நேத்து உங்கம்மா கூட சண்ட தானே? கோவம் வந்தா நீ நம்பர மாத்த மாட்ட, மொத்த லைனயும் தூக்கிடுவ. லேட்டாச்சுன்னா மொத பெட்டியோட நிறுத்திக்குவ. நாலாம் பெட்டில ஆயுத பூஜ குங்குமம் கீதுன்னு வெள்ளிக்கெழம அத தொட மாட்ட. சட்னில உப்பு இல்லன்னா பாஸ்வேர்டுல கை வச்சிட்டன்னு அர்த்தம்."

"யோவ்" என்றாள் சுதா. ஐடிஐயில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள், மரியாதை அவ்வளவுதான். "நீ ரவுட்டர பாக்கல. என் மூஞ்சிய பாத்துகினு கீற. பெங்களூர்ல எவன் மூஞ்சிய பாப்ப?"

பூபாலனுக்கு அது உறைக்கவில்லை. சிரித்துவிட்டு எழுந்து போனான்.

எட்டு மணி நேரம், பத்துப் பழுது, முழு ஒத்திகை என்று அட்டையில் போட்டிருந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. சுதாவுக்கு அன்று ஓவர்டைம். "போய் பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. சட்னியில் உப்பு சரியாக இருந்தது. பிடித்துக்கொள்ள ஒரு துப்பும் இல்லை.

ஒன்பது மணிக்குத் தொடங்கினான். எல்லாமே ஒழுங்காக ஓடுவதுபோல் தெரிந்தது. கெட்டிக்காரி, ஆழத்தில் கெடுத்திருக்கிறாள் என்று முடிவு கட்டி, சந்தேகப்பட்ட வரிகளையெல்லாம் அழித்து மாற்றி எழுதினான். பதினொரு மணிக்கு மூன்றாம் பெட்டி நின்றது. பிடித்துவிட்டேன் என்று குதித்தான். அதைச் சரிசெய்யப் போனதில் ஐந்தாம் பெட்டி நின்றது. சாப்பிடவில்லை. ஐந்து மணிக்கு சுதா உள்ளே வந்தபோது ஆறு பெட்டியும் செத்துக் கிடந்தன. பூபாலன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான்.

"ஒம்போது கண்டுபுடிச்சேன். பத்தாவது மாட்டல. இன்னா தான் கெடுத்த?"

"ஒண்ணுமே கெடுக்கல. நா அத தொடவே இல்ல."

நன்றாக ஓடிக்கொண்டிருந்த நெட்வொர்க்கைத் தன் கையாலேயே கொன்றிருக்கிறான். பெங்களூரில் இரண்டு முறை செய்ததும் இதைத்தான் என்பது அப்போதுதான் விளங்கியது. வெட்கமும் அழுகையும் சேர்ந்து முட்டிக்கொண்டு வந்தன.

"எங்க செக்‌ஷனுக்குப் புதுசா வர்றவன்லாம் இப்டிதான்" என்றாள் சுதா, குரலைத் தணித்து. "நல்லா கீற போல்ட்ட கழட்டி கழட்டி மாட்டி மரைய தேச்சிடுவான். மொதல்ல எது நல்லா கீதுன்னு பாரு. அப்பால கைய வை."

அட்டையைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். பரீட்சைக்கு மிச்சமிருந்த ஒன்பது நாளும் அவன் எழுந்திருக்குமுன் கெடுத்துவிட்டு, முகத்தைக் காட்டாமலே வேலைக்குப் போனாள். துப்பு எதுவும் கிடைக்கக்கூடாது என்று சட்னியும் அரைக்கவில்லை. பூபாலன் வெறும் பிரெட்டைத் தின்றுகொண்டு முதல்முறையாக ரவுட்டரைப் பார்த்தான்.

பரீட்சை எழுதிய இரண்டாம் நாள் மத்தியானம் போனில் ரிசல்ட் மெயில் வந்தது. தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோக முடியாது. அரை நாள் லீவு போட்டு, அம்பத்தூரில் ரயிலேறி, ஷிப்டு முடியும்வரை கேட்டுக்கு எதிரே வெயிலில் நின்றான். கூட்டத்தோடு சுதா ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்ததும், "பாஸ்!" என்று கத்தினான். பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

சுதா சாப்பாட்டுப் பையாலேயே அவன் முதுகில் இரண்டு வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவன் வண்டியை ஓட்ட, அவள் பின்னால் உட்கார்ந்தாள். மார்க்கெட் தாண்டும்போது கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தான்.

"இன்னா சுதா, சந்தோஷமா இல்லயா?"

"அதெல்லாம் கீது. நாளைலேர்ந்து காலைல நா இன்னாத்தயா கெடுக்கறது?"