ஹாப்பர் கதவும் அரைமில்லியும்

பெற்றோர் வைத்த பெயர் அவருக்குச் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி ஆபீஸ் முழுக்க அவர் அரைமில்லி. தானியம் சுத்தம் செய்யும் இயந்திரங்கள் தயாரிக்கிற கம்பெனி அது. மாடியில் படம் வரைவார்கள். கீழே பட்டறையில் அந்தப் படத்தைப் பார்த்து இரும்பை வெட்டி ஒட்டுவார்கள். மாடியில் இருபத்தாறு வருஷமாகப் படம் வரைகிற டிராஃப்ட்ஸ்மேன் நம்ம ஆள். யாராவது ஒரு கோட்டை அரை மில்லிமீட்டர் தள்ளிப் போட்டுவிட்டால் போதும், உட்கார வைத்து முக்கால் மணி நேரம் வறுத்தெடுத்துவிடுவார். அப்படி வந்த பெயர். கூப்பிட்டால் முறைப்பாரே தவிர, உள்ளுக்குள் அதில் அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

அதைவிடப் பெரிய பெருமை ஒன்று உண்டு. இத்தனை வருஷத்தில் அவர் வரைந்த படம் ஒன்றுகூட 'சரியில்லை' என்று பட்டறையிலிருந்து திரும்பி வந்ததில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவனிடம்கூட, "என் படம் ஒண்ணு திரும்பி வந்திருக்கான்னு யாரை வேணா கேட்டுப் பாருங்க" என்று ஆரம்பித்துவிடுவார். பாவம், அவன் யாரைப் போய்க் கேட்பான்? இவரும் கேட்டதில்லை. பட்டறைக்கு இறங்க இருபத்திரண்டு படிகள். கீழே ஒரே சத்தம், புகை, கிரீஸ். சட்டை பாழாகிவிடும் என்று அவர் அந்தப் பக்கமே போவதில்லை.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் புது சாஃப்ட்வேர் வந்து சேர்ந்தது. பழையதில் கோடு போட்டால் கோடு தெரியும், அவ்வளவுதான். புதியதில் முழு இயந்திரமும் திரையில் எழுந்து நிற்கும். திருப்பிப் பார்க்கலாம், கதவைத் திறந்து மூடலாம். கற்றுக்கொடுக்க ஆன்லைன் பாடம் ஏற்பாடாகியிருந்தது. மேனேஜர் மாடியில் இருந்த பதினெட்டுப் பேரையும் கூட்டி வைத்து விளக்கினார்.

"இது கடையில விக்கிற ரெடிமேட் பாடம் இல்ல. நமக்குன்னே அளவெடுத்துத் தச்சது. உதாரணம் எல்லாம் நம்ம கம்பெனிப் படங்கதான். ஆளுக்குத் தகுந்த மாதிரி பாடமே மாறிக்கும். மாசக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கணும். முடிக்காதவங்க ஸ்டோருக்குப் போக வேண்டியதுதான்."

ஸ்டோர் என்றால் கூண்டு மாதிரி ஓர் அறை. நட்டும் போல்ட்டும் எண்ணிக் கொடுக்கிற வேலை. ஐம்பத்து மூன்று வயதில் அங்கே போய் உட்காருவதா?

பாடம் ஆளுக்குத் தகுந்தபடி மாறும் என்று மேனேஜர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. முதல் நாளே இவர் வரிசையாக மூன்று தப்புப் பண்ணினார். பாடம் இவரை எடை போட்டுப் பார்த்து நாலு படி கீழே இறங்கியது. மறுபடி மூன்று தப்பு. இன்னும் கீழே போனது. கடைசியில் தேன் சொட்டுகிற ஒரு பெண் குரல், "இதன் பெயர் மவுஸ். இதில் இரண்டு பொத்தான்கள் உள்ளன" என்று ஆரம்பித்தது. மனுஷனுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

வீட்டிலும் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினார். தப்புப் பண்ணும்போதெல்லாம் அந்தக் குரல், "பரவாயில்லை! இன்னொரு முறை முயற்சி செய்யலாமா?" என்றது. சமையலறையிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"யாருங்க அது? இவ்வளவு பொறுமையா உங்ககிட்ட பேசுறது?"

"பாடம்."

"நல்லா கேட்டுக்கறேன். நானும் அப்படிப் பேசக் கத்துக்கலாம் பாருங்க."

விட்டேனா பார் என்று மூன்று வாரம் உயிரைக் கொடுத்துப் படித்தார். ஒரு வழியாக மவுஸிலிருந்து தகடு, தகட்டிலிருந்து குழாய் என்று ஏறி வந்துவிட்டார். மிச்சம் இருந்தது ஒரே ஒரு கடைசிப் பயிற்சி. எல்லோருக்கும் அதே பயிற்சிதான். திறந்து பார்த்தவர் நாற்காலியிலிருந்து குதிக்காத குறை. பதினாலு வருஷத்துக்கு முன்னால் அவரே வரைந்த ஹாப்பர்! தானியம் கொட்டுகிற பெரிய தொட்டி, நாலு கால், கால்களை இணைக்கும் குறுக்குக் கம்பி, அடைப்பு எடுக்கப் பக்கவாட்டில் ஒரு கதவு. பழைய படத்தைப் பார்த்துப் புதிய சாஃப்ட்வேரில் அதைக் கட்டி, கதவைத் திறந்து காட்ட வேண்டும்.

"என் படத்தை வச்சு எனக்கே பாடமா!" என்று பூரித்துப் போய், கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஒவ்வோர் அளவாகப் போட்டுக் கட்டினார். கதவைத் திறந்தார். பாதி திறந்து நின்று, கதவும் குறுக்குக் கம்பியும் சிவப்பாக மாறின. கதவு கம்பியில் இடிக்கிறதாம். "பரவாயில்லை!" என்றது குரல்.

பதினோரு தடவை கட்டினார். பதினோரு தடவையும் இடித்தது. விசாரித்தால் மற்ற பதினேழு பேருக்கும் அதே கதி. ஆனால் படம் அரைமில்லியுடையது ஆயிற்றே, அதில் தப்பு இருக்குமா? சாஃப்ட்வேர்தான் கோளாறு என்று ஆபீஸே முடிவு கட்டிவிட்டது. புதன்கிழமை அரைமில்லி மேனேஜருக்கு இரண்டு பக்கத்தில் புகார் எழுதினார். அதே பாடத்தைப் படித்துக்கொண்டிருந்த மேனேஜருக்கும் கதவு திறக்காமல் மண்டை காய்ந்துபோயிருந்தது. புகார் வந்ததும் வாயெல்லாம் பல். பாடம் தயாரித்தவர்களை வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொல்லிவிட்டார்.

வியாழன் மாலை மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "அந்தத் தொட்டி உங்க கம்பெனியிலயே நிக்குதுல்ல? நேரா போய்க் கதவைத் திறந்து பாக்க வேண்டியதுதானே?"

அட, இது ஏன் தோன்றவில்லை? வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாக இருபத்திரண்டு படிகளையும் இறங்கினார். பட்டறையே அவரை வேற்றுக்கிரகத்து ஆளைப் போலப் பார்த்தது. அனுப்பத் தயாராக ஒரு ஹாப்பர் நின்றது. கதவைப் பிடித்து இழுத்தார். வழுக்கிக்கொண்டு முழுசாகத் திறந்தது.

"பாத்தீங்களா! திறக்குது!" என்று கத்தினார். "என் படம்னா சும்மாவா?"

தலைமை ஃபிட்டர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு வெல்டர்கள் மேற்கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஆதாரத்துக்கு இருக்கட்டும் என்று அரைமில்லி டேப்பை இழுத்துக் குறுக்குக் கம்பியின் உயரத்தை அளந்தார். மறுபடி அளந்தார். படத்தில் இருப்பதைவிட எண்பது மில்லி கீழே இருந்தது.

"என்ன ஃபிட்டரே இது?"

"அது வந்து சார்... படத்துல இருக்கற மாதிரி ஒட்டினா கதவு இடிக்கும். அதனால நாங்க எப்பவுமே எண்பது இறக்கித்தான் ஒட்டுவோம். புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு முதல் நாளே சொல்லிடுவோம்."

"எப்பவுமேன்னா?"

"பதினாலு வருஷமா சார்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லத்தான் சார் வந்தேன், முதல் தடவையே. பாதிப் படி ஏறும்போது உங்க குரல் கேட்டுச்சு. அரை மில்லிக்கு யாரையோ போட்டு வறுத்துக்கிட்டு இருந்தீங்க. எனக்கு எண்பதைச் சொல்ல பயமா போச்சு. அப்படியே திரும்பிட்டேன்."

அரைமில்லி டேப்பைச் சுருட்டிக்கொண்டு மேலே ஏறினார். ஒவ்வொரு படிக்கும் ஒரு மனசு. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். மேனேஜர் சத்தம் போடுவார், பயிற்சியை எடுத்துவிடுவார்கள், எல்லோரும் பாஸ். பெயரும் தப்பும், மேஜையும் தப்பும். வாயைத் திறந்தால் இருபத்தாறு வருஷப் பெருமை சந்தி சிரிக்கும். வீண் புகார் எழுதினாரே என்ற கோபத்தில் மேனேஜர் ஸ்டோர் கூண்டுக்கே அனுப்பினாலும் அனுப்புவார்.

பாடம் தயாரித்தவர்கள் பக்கமிருந்து கூட்டத்துக்கு வந்திருந்தது ஒரே ஒரு பெண். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். "வணக்கம் சார்" என்றாள். அதே குரல்! மூன்று வாரம் இவரை ஒரு தடவைகூடத் திட்டாத குரல். மேனேஜர் பிடிபிடி என்று பிடித்தார். ஒரு கதவைத் திறக்கத் தெரியாத பாடத்துக்கு ஒப்பந்தம் எதற்கு, இன்றோடு ரத்து என்றார். அந்தப் பெண் தாளைப் புரட்டினாள். "நாங்க உங்க படத்தை அப்படியேதான் சார் எடுத்தோம். எங்க தப்புதான் போல" என்றாள்.

அரைமில்லியால் உட்கார முடியவில்லை. எழுந்தார்.

"தப்பு அவங்களோடது இல்ல சார். என்னோடது. எண்பது மில்லி."

கீழே பார்த்ததை ஒன்று விடாமல் சொன்னார். அவமானம்தான், இல்லை என்று சொல்ல முடியாது. முடித்துவிட்டு, எல்லோர் முன்னாலும் திரையில் கம்பியை எண்பது மில்லி இறக்கிக் கதவைத் திறந்தார். முழுசாகத் திறந்தது. பாடம் அவருக்கு அறுபத்தொரு மதிப்பெண் போட்டது, தேறுவதற்கு அறுபது. மேனேஜர் அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். பிறகு தன் லேப்டாப்பைத் திறந்து, யாருக்கும் தெரியாமல் தன்னுடைய கம்பியையும் எண்பது இறக்கிக்கொண்டார்.

விஷயம் மத்தியானத்துக்குள் பட்டறைக்கு எட்டிவிட்டது. திங்கட்கிழமை காலை மாடிக் கதவருகே தயங்கித் தயங்கி ஓர் உருவம் நின்றது. தலைமை ஃபிட்டர். அக்குளில் சுருட்டிய படங்கள் ஒரு கட்டு.

"சார், நீங்களே ஒத்துக்கிட்டீங்கன்னு சொன்னாங்க. அதான்... இன்னும் கொஞ்சம் இருக்கு."

"எத்தனை?"

"உங்களோடது ஆறு. மத்தவங்களோடது கீழே தனியா கட்டி வச்சிருக்கோம். மேனேஜர் சார் அந்தக் காலத்துல வரைஞ்சது ஒண்ணு இருக்கு, அதை எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

அரைமில்லிக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காருங்க."

"வேணாம் சார். பேன்ட் எல்லாம் கிரீஸ். நாற்காலி பாழாயிடும்."

அரைமில்லி மேஜையில் தேடினார். பதினாலு வருஷமாகப் பளபளப்பாகப் பாதுகாத்து வைத்திருந்த ஹாப்பர் படத்தை எடுத்து நாற்காலியில் விரித்தார்.

"இது மேல உட்காருங்க ஃபிட்டரே. ஒண்ணொண்ணா சொல்லுங்க."