மூன்றாவது பெட்டறி

மின்சாரம் நாளுக்குச் சில மணி நேரமே வந்துகொண்டிருந்த காலம் அது. சாய்ந்தமருதுத் தோணிக்காரர்கள் பலருடைய பெட்டறிகள் சார்ஜ் ஏற்றுவதற்காக எங்கள் வீட்டு முன்னறையில்தான் கிடந்தன. வலை போட்டுவிட்டுக் கடலில் காத்திருக்கும் தோணியில் வெளிச்சம் இல்லாவிட்டால், பெரிய படகுக்காரர்களின் கண்ணுக்கு அது தெரியாது. அந்த வெளிச்சத்துக்குத்தான் இந்தக் கனத்த பெட்டறிகள்.

வயரிங் வேலை செய்த வாப்பா, கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்களின் பவர் பெட்டிகளைப் பழைய இரும்புக் கடையில் வாங்கிவந்து, அவற்றைக் கொண்டு சார்ஜர்களைப் பூட்டியிருந்தார். புதிதாக வாங்க எங்களுக்குக் கட்டாது. கிட்டே பாய், துணி எதுவும் இருக்கக்கூடாது. வெறும் சீமெந்துத் தரை, பக்கத்தில் ஒரு வாளி மணல். ஒரே நேரத்தில் இரண்டு பெட்டறிதான். மூன்றாவதுக்கு மெயினிலிருந்து தடித்த வயர் இழுக்க வேண்டும். அன்றைய விலையில் அதை நினைத்தும் பார்க்க முடியாது.

ஒரு வெள்ளிக்கிழமை, உம்மாவின் தம்பியான சின்ன மாமா பெட்டறியைத் தோளில் சுமந்துகொண்டு பிந்தி வந்தார்.

“ரெண்டுக்கு மேல ஏலா மச்சான், வயர் தாங்கா” என்றார் வாப்பா.

“மூணு நாளா கடலுக்குப் போகல்ல மச்சான். புள்ளைகள்ற முகத்தப் பார்க்க ஏலாமக் கிடக்கு.”

வாப்பா பெட்டறியை வாங்கித் தரையில் இறக்கினார். பிறகு அந்த மூன்றாவதையும் சார்ஜரில் கொழுவினார். ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்படும்போது என்னிடம் சொன்னார்: “வயர்ல கைய வச்சு வச்சுப் பாரு மகள். சூடேறினா மாமாட பெட்டறியக் கழட்டிரு.”

எனக்குப் பதினொரு வயது. பெரிய இன்ஜினியர் போல வயரின் பக்கத்தில் குந்தியிருந்தேன். கொஞ்ச நேரத்திலேயே வயர் சுட்டது. பிளாஸ்டிக் கருகும் வாடையும் வந்தது. கழற்றிவிட்டேன். அதுவரை நான் செய்தது சரிதான்.

பள்ளிவாசலில் தொழுகை முடிந்து வாப்பாவுக்கு முன்னால் மாமா வந்துவிட்டார். கரண்டும் அதற்குள் போயிருந்தது.

“சார்ஜ் ஏறிட்டா மகள்?”

காலையில் வாடி வந்த அந்த முகம் இப்போது சிரித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபின் என் வாயிலிருந்து வேறு சொல் வரவில்லை.

“ஓம் மாமா.”

பின்னால் வந்த வாப்பா, வயர் சூடேறியதா என்று கேட்டார். முதல் பொய்யைக் காப்பாற்ற, இல்லையென்று தலையாட்டினேன்.

அன்றிரவு கடலில் மாமாவின் விளக்கு மங்கி அணைந்துபோனது. ஒரு பெரிய படகு தோணியின் மேல் ஏறியது. பக்கத்துத் தோணிக்காரர்கள்தான் அவரைத் தூக்கி வந்தார்கள். வலது காலை முழங்காலோடு எடுக்க வேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வாப்பா தலை குனிந்து நின்றார். “மூண்டக் கொழுவினது என்ட பிழை மச்சான். ஒண்டுமே ஒழுங்கா ஏறியிருக்காது.”

“உங்கள்ல என்ன பிழை? பெட்டறி பழசு” என்றார் மாமா. என்னைப் பார்த்து, “பாவம், புள்ள நல்லாத்தான் பார்த்துக்கிட்டு இருந்திச்சு” என்றார்.

உம்மா என்னை அணைத்துக்கொண்டாள். பெரியவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லி முடித்துவிட்டார்கள், இனி யாரும் என்னிடம் எதையும் கேட்கப்போவதில்லை என்று எனக்குள் ஒரு நிம்மதி. அப்படியே யாரும் கேட்கவில்லை. வாப்பா சார்ஜ் ஏற்றும் வேலையையே விட்டார். மாமா ஊன்றுகோலோடு பெருநாளுக்குப் பெருநாள் வீட்டுக்கு வந்து, என் தலையைத் தடவிவிட்டுப் போகிறார். யாராவது ஒருமுறை கேட்டுவிடமாட்டார்களா என்று நானே ஏங்கும் காலம் வரும் என்பது அந்தக் கட்டிலருகே நின்ற எனக்குத் தெரியாது.