பொரிக்குள் புதைந்து சால்ட் லேக் போன போர்க்கப்பல்

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் வீட்டுக்காரரும் கரக்பூரிலிருந்து கொல்கத்தா போய் வந்தோம். காளி கோயிலுக்கு இல்லை. சால்ட் லேக்கில் ஒரு கம்யூனிட்டி ஹாலில் பொம்மைக் கப்பல் கண்காட்சி. பொம்மை என்றால் இவருக்குக் கோபம் வரும். அதனால்தான் அப்படிச் சொல்வேன்.

இவர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வீட்டுக்கு வந்ததும் ஜப்பான் போர்க்கப்பல் ஒட்டுவார். டப்பாவில் துண்டு துண்டாக வரும், ஒட்டிப் பெயின்ட் அடிக்கணும். நிஜத்தில் எழுநூறில் ஒரு பங்கு. இவருடையது ரியூஜோ. முதுகிலிருந்து விமானம் கிளம்பும் கப்பல். இரண்டாம் உலக யுத்தத்தில் நம்ம வங்காள விரிகுடாவுக்கே வந்ததாம். அதிலிருந்து பறந்த விமானங்கள் விசாகப்பட்டினத்தில் குண்டு போட்டதாம். ஒன்றரை வருஷ வேலை. முதல் தடவையாக நாலு பேர் கண்ணில் படப்போகுது. பதினோரு மணிக்குள் மேஜையில் வைக்கணும், இல்லையென்றால் போட்டியில் சேர்க்க மாட்டார்கள்.

ரயிலில் ஆடுமே என்று, இவர் குளிக்கப் போன நேரத்தில் பெட்டி நிறையப் பொரியைக் கொட்டி மூடினேன். மகளுக்குக் கண்ணாடி டம்ளரை அப்படித்தான் அனுப்பினேன், ஒன்றுகூட உடையலை.

காலை ஆறு மணி லோக்கல். ஹவுரா வரை 115 கிலோமீட்டர், ஆளுக்கு 25 ரூபாய். அங்கிருந்து மெட்ரோ 30 ரூபாய், ஆற்றுக்கு அடியிலேயே போகுது. கருணாமயியில் இறங்கிப் பத்து நிமிஷ நடை.

ஹாலுக்குள் கிண்டல் பண்ண வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். மேஜை முழுக்க ஜப்பான் கப்பல்கள். கட்டைவிரல் நகம் அகலத்தில் விமானம், அதன் இறக்கையில் சிவப்புப் பொட்டு. மயிரிழையில் கம்பி. மனுஷக் கைதான் செய்ததா இதெல்லாம்!

இவர் பெட்டியைத் திறந்தார்.

“என்னடி இது?”

“பொரி.”

“அது தெரியுது!”

பனியில் பொரி நமத்துப்போய், விமானங்களுக்கு நடுவே ஒட்டிக்கொண்டிருந்தது. ஊதினால் கம்பி போய்விடும். கண்காட்சி நடத்தும் கண்ணாடிக்காரர் ஓடி வந்தார். “பௌதி, என்ன செஞ்சீங்க!” என்றார் இந்தியில். பௌதி என்றால் அண்ணி. அண்ணி மெதுவாக இவர் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துவிட்டாள்.

அவர் ட்வீசரை எடுத்தார். போட்டிக்கு வந்த மற்றவர்களும் தங்கள் கப்பலை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பொரியாகப் பொறுக்கினார்கள். நடுவில் ஒருத்தர், “பௌதி, வெங்காயம், பச்சைமிளகாய் கொண்டு வரலையா?” என்றார். பாவி, எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பதினோரு மணிக்குள் கப்பல் மேஜை ஏறியது. ஒரே ஒரு பொரி மட்டும் மேல்தளத்துக்கு அடியில், தூண்களுக்கு நடுவே. இழுத்தால் தூண் உடையும். “இருக்கட்டும்” என்றார் இவர்.

எங்கே என்று நான் குனிந்து பார்த்தேன். கண் மேஜை மட்டத்துக்கு வந்ததும் நிஜக் கப்பலுக்கு அடியில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. மேலே கூரை மாதிரி தளம், அடியில் இருட்டு, ஒரு கடலையே மறைக்கிற சுவர்.

“இதுல ஆளே இல்லையே?”

“இந்த அளவுக்கு மனுஷன் எள்ளுதான். அந்தப் பொரி நாலு ஆள் உயரம்.”

“எத்தனை எள்ளு இருந்துச்சு?”

“ஆயிரம் பேர்கிட்ட. விசாகப்பட்டினத்துல குண்டு போட்ட அதே வருஷம் கப்பலும் முழுகிருச்சு.”

அன்றைக்கு முழுக்க அதை நான் பொம்மை என்று சொல்லலை. வீட்டுக்காரர் பயந்தே போய்விட்டார்.

போகிறவர்களுக்கு: டிசம்பர், ஜனவரிதான் தோது. நுழைவு இலவசம். சாப்பாட்டை முடித்துக்கொண்டு போங்கள், பக்கத்தில் டீக்கடை மட்டும்தான். கப்பல் கொண்டுபோனால் அடிப்பலகையோடு பெட்டியில் திருகி முடுக்குங்கள்.

இவருக்குப் பரிசு கிடைக்கலை. ஆனால் செய்தி பரவி, சாயங்காலம் வரைக்கும் வந்தவர்கள் எல்லாரும் பொரியைத் தேடி இவர் கப்பல் முன்னால்தான் குனிந்தார்கள். சிரித்துக்கொண்டே குனிந்தவர்கள் யாரும் சிரித்துக்கொண்டு நிமிரலை.