சோற்று அண்டாவுக்கு ஒரு வணக்கம்

குமராட்சிப் பக்கம் இருக்கும் எங்கள் மடத்தில் முதலில் எழும்பியது ஓடு போட்ட ஒரு சின்னக் கோயில்தான். அந்தக் காலத்து சிஸ்டர்கள் அதன் பின்புறம் கீற்றுக் கொட்டகையில் படுத்துக்கொண்டார்களாம். நான் கன்னியாஸ்திரியாக அங்கே சேர்ந்த வருஷம் கான்கிரீட்டில் புதுக் கோயில் கட்டி, நாங்கள் உள்ளே நுழைந்ததும் முட்டி மடக்கி வணங்கும் நற்கருணைப் பேழையை அங்கே கொண்டுபோய்விட்டார்கள். பழைய கோயில் சாப்பாட்டு அறையானது. கொள்ளிடத்து வெள்ளம் எட்டாதபடி உயர்த்திக் கட்டிய பீடத்து மேடை மட்டும் அப்படியே நின்றது. சோற்று அண்டாவை வைக்க அதைவிடத் தோதான இடம் ஏது?

ஆனால் இதை எங்கள் முழங்காலுக்கு யாரும் சொல்லவில்லை. வாசலைத் தாண்டியதும் வலது கால் தானாக மடங்கியது. ஹாஸ்டல் பிள்ளைகள் தட்டோடு மடங்கினார்கள். சமையல்கார அக்கா இந்து மதத்துக்காரர். அவரும் கரண்டியோடு மடங்கினார்.

புதிதாக வந்த மதருக்கு இது பொறுக்கவில்லை. "சோத்து அண்டாவுக்கா முட்டி மடக்குறீங்க?" என்று தினமும் சத்தம் போட்டார். எனக்கு எரிச்சலாக வரும். கால் சொன்னபடி கேட்டால்தானே!

மடத்துத் திருநாளன்று மீன் குழம்புச் சட்டியை மதரே இரண்டு கையாலும் தூக்கி வந்தார். எங்களைப் பார்த்துப் பார்த்தே பழகிவிட்டதோ என்னவோ, வாசலைத் தாண்டியதும் அவர் காலும் மடங்கியது. குழம்பு தளும்பி வெள்ளை அங்கி முழுக்க வழிந்தது.

மதர்தான் முதலில் சிரித்தார்.

"சரி, மடக்கிக்குங்க," என்றார். "ஆனா கொழம்பக் கீழ வச்சிட்டு மடக்குங்க."